பனிப்புயல் வருமுன்: கரண்ட் போனால் உங்கள் வீட்டில் எதெல்லாம் நிற்கும்?

ஸ்காபரோவாசி

எச்சரிக்கை வந்தவுடன் நம் சனம் முதலில் ஓடுவது பாணும் பாலும் வாங்கத்தான். சாப்பாடு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நம்மவர் வீட்டு அலமாரி எதைத் திறந்தாலும் ஒரு வாரத்துக்கான அரிசி, பருப்பு, டின் மீன் இருக்கும். குளிர்காலப் புயலில் ஆளைச் சாய்ப்பது பசி இல்லை, கரண்ட் போன பிறகு வீட்டுக்குள் இறங்கும் குளிரும் அந்தக் குளிருக்குப் பயந்து நாம் செய்கிற காரியங்களும்தான். அதனால் கடைப் பட்டியலை விட்டுவிட்டு, கரண்ட் போனால் நம் வீட்டில் எதெல்லாம் நிற்கும் என்று முதலில் பேசலாம்.

2013 டிசம்பரில் ரொறன்ரோவில் இருந்தவர்களுக்கு இது தெரியும். கிறிஸ்துமஸுக்கு முந்தின வார இறுதியில் பெய்தது ஸ்னோ கூட இல்லை, உறைமழை, விழுந்த இடத்திலேயே ஐஸாக இறுகும் மழை. கொப்புகளில் ஐஸ் ஏறி, மரம் முறிந்து, கம்பிகளில் விழுந்து, நகரத்துக்கு மின்சாரம் கொடுக்கும் ரொறன்ரோ ஹைட்ரோவின் சுமார் மூன்று லட்சம் இணைப்புகள் இருண்டன. பல தெருக்களுக்குக் கிறிஸ்துமஸ் கழிந்தும் கரண்ட் வரவில்லை.

'எங்களிடம் கேஸ் ஃபர்னஸ் இருக்கிறது, கரண்ட் போனாலும் கவலை இல்லை' என்று சொல்கிறவர்களை ஒவ்வொரு குளிர்காலமும் பார்க்கிறேன். கேஸ் ஃபர்னஸும் நிற்கும். பற்றவைப்பது மின்சாரம், சூட்டைக் குழாய்களில் தள்ளும் விசிறி மின்சாரம், கேஸ் வால்வைத் திறக்கச் சொல்லும் சர்க்யூட் போர்டும் மின்சாரம். தெர்மோஸ்டாட்டில் பேட்டரி இருந்து என்ன பயன். டாங்க் இல்லாத வெந்நீர் ஹீட்டரும் நிற்கும். பேஸ்மென்டில் ஊறும் தண்ணீரை வெளியே இறைக்கும் சம்ப் பம்ப் இருந்தால் அதுவும் நிற்கும், ஐஸ் உருகத் தொடங்கும்போது கரண்ட் இல்லை என்றால் தண்ணீர் மேலே வரும். கராஜ் கதவு மோட்டாரும் வேலை செய்யாது, உள்ளே தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்துவிட்டுக் கையால் தூக்க வேண்டும். அதை இன்றைக்கே ஒருமுறை இழுத்துப் பாருங்கள், இருட்டில் வேண்டாம்.

கரண்ட் இல்லாமலும் எரியக்கூடியது எப்போதும் சிறு தீ எரிந்துகொண்டிருக்கும் பழைய மாதிரி கேஸ் ஃபயர்பிளேஸ். புதியவற்றில் சிலதுக்கு பேட்டரிப் பெட்டி உண்டு. உங்கள் வீட்டில் எது என்று பிரேக்கரை அணைத்துவிட்டுப் பரிசோதியுங்கள்.

இன்னொன்று, வீட்டுக்கு வெளியே பக்கச் சுவரில் இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் ஃபர்னஸ் மூச்சு விடும் வழி. ஸ்னோ குவிந்து அது அடைபட்டால், கரண்ட் இருந்தாலும் ஃபர்னஸ் நின்றுவிடும், சில நேரம் நச்சுக் காற்று உள்ளே திரும்பும். டிரைவ்வேயை வழிப்பதற்கு முன் அந்தக் குழாயைச் சுற்றி வழியுங்கள். கேஸ் மீட்டரையும் கையால் மெதுவாகத் துடையுங்கள், சவளால் அடிக்க வேண்டாம்.

டல்லாஸ்தமிழ்

நல்ல இழை அண்ணா. உங்கள் ஊர் வீடுகளாவது குளிருக்கென்று கட்டப்பட்டவை, எங்கள் டெக்சாஸ் வீடுகள் வெயிலுக்குக் கட்டினவை. 2021 பிப்ரவரியில் டல்லாஸில் மைனஸ் 19 டிகிரி வரை இறங்கியது. 15ஆம் தேதி அதிகாலை மின்வெட்டு ஆரம்பித்தபோது சுழற்சி முறையில் போய்ப் போய் வரும் என்றார்கள், பல லட்சம் வீடுகளுக்குப் போனது போனதுதான், நாட்கணக்கில் வரவில்லை. டெக்சாஸின் மின்கட்டமைப்பு பெரும்பாலும் தனித் தீவு, பக்கத்து மாநிலங்களிலிருந்து பெரிதாக இழுக்க முடியாது. கேஸ் கிணறுகளும் குழாய்களும் உறைந்ததால் கேஸில் ஓடும் மின்நிலையங்களும் படுத்துவிட்டன. மொத்தக் கட்டமைப்பும் விழுவதற்கு நாலரை நிமிடம்தான் மிச்சம் இருந்தது என்று பிறகு சொன்னார்கள். மாநில அரசின் கணக்கில் இறந்தவர்கள் 246 பேர், அதில் பெரும்பங்கு குளிரால்.

நான் சொல்ல வந்தது தண்ணீர்க் குழாய் பற்றி. இங்கே குழாய்கள் கூரைக்கு அடியில் உள்ள அட்டிக்கிலும் வெளிச்சுவரிலும் ஓடுகின்றன. மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து ஆரம்பம். குழாய் உறையும்போது வெடித்தது தெரியாது, உருகும்போதுதான் கூரையிலிருந்து கொட்டும். ஆகவே முன்கூட்டியே: தோட்டத்து ஹோஸைக் கழற்றுங்கள், வெளிக்குழாய்க்கு மூடி போடுங்கள், சிங்க் அடியில் உள்ள கதவுகளைத் திறந்து வையுங்கள், வெளிச்சுவர்ப் பக்கக் குழாய்களில் சூடும் குளிர்ந்ததும் இரண்டையும் மெல்லிசாக ஒழுக விடுங்கள். ஒழுகவிடுவது சூடு கொடுக்கவா என்று கேட்கிறார்கள், அதற்காக மட்டும் இல்லை. ஐஸ் கட்டியாகும்போது அதற்கும் மூடின குழாய்க்கும் நடுவே அழுத்தம் ஏறித்தான் குழாய் பிளக்கிறது, திறந்திருந்தால் அந்த அழுத்தம் வெளியே போய்விடும்.

மெயின் வால்வு எங்கே என்று வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரிய வேண்டும். எங்கள் பக்கம் பல வீடுகளில் அது தெருவோரப் புல்லில் மீட்டர் பெட்டிக்குள் இருக்கும், மூட ஒரு நீளச் சாவி தேவை, ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். அந்த வாரம் அந்தச் சாவி ஊரில் எங்கும் இல்லை. வீட்டை விட்டுப் போவதாக இருந்தால் மெயினை மூடி, எல்லாக் குழாயையும் திறந்து வடியவிட்டு, டாய்லெட்டையும் ஃப்ளஷ் செய்துவிட்டுப் போங்கள்.

புதுசாவந்தவள்

வணக்கம், நான் பிராம்டனில் பேஸ்மென்டில் இருக்கிறேன், படிக்க வந்திருக்கிறேன், இது என் முதல் குளிர்காலம். எங்களிடம் சின்ன கேன் போட்டு எரிக்கும் கேஸ் அடுப்பு ஒன்று இருக்கிறது. கரண்ட் போனால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு அதைக் கொளுத்தி அறையைச் சூடாக்கலாமா? மேலே இருக்கும் வீட்டுக்காரர் கரி பார்பிக்யூவை கராஜில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்.

நைட்ஷிப்ட்நர்ஸ்

வேண்டாம் தங்கச்சி. இரண்டுமே வேண்டாம். வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள், கராஜ் கதவு திறந்திருந்தாலும் வேண்டாம்.

எரிகிற எதுவும் கார்பன் மோனாக்சைடு விடும், கரி மிக அதிகமாக விடும், புகை அடங்கித் தணலாக இருக்கும்போதும் விடும். மணம் இல்லை, நிறம் இல்லை, கண் எரியாது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்தால் சரியாகிவிடும் என்பது பொய் நம்பிக்கை. 2013இல் ரொறன்ரோவில் கரண்ட் இல்லாத நாட்களில் மக்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தது இதுதான், 2021இல் ஹூஸ்டனிலும் இதேதான், கராஜில் காரை ஓடவிட்டு உட்கார்ந்தவர்களும் உண்டு. ஊரில் விறகடுப்பில் சமைத்து வளர்ந்தவர்கள் நாம், அதனால் தீயைக் கண்டு நமக்குப் பயம் குறைவு. அந்தக் குசினிக்குப் புகைபோக்கியும் ஓட்டு இடுக்கும் இருந்தன. இங்கே வீடு காற்றுப் புகாமல் அடைத்துக் கட்டினது.

அறிகுறி தலையிடி, தலைசுற்று, வாந்தி, களைப்பு. காய்ச்சல் இருக்காது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தால், வெளியே போனதும் தெளிந்தால், அதுதான். ஒரு விநாடியும் யோசிக்காமல் எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு வந்து 911 அழையுங்கள். குளிர் என்று திரும்ப உள்ளே போகாதீர்கள்.

அலாரத்தைப் பாருங்கள். சுவரில் பிளக்கில் செருகியிருப்பது மட்டும் என்றால் கரண்ட் போனதும் அதுவும் செத்துவிடும், பேட்டரியும் உள்ளதாக வேண்டும். பின்பக்கத்தில் காலாவதித் தேதி அச்சடித்திருக்கும். படுக்கையறைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்ராறியோவில் வாடகை வீட்டில் அதைப் போட்டுப் பராமரிப்பது வீட்டுக்காரரின் சட்டக் கடமை, வெட்கப்படாமல் கேளுங்கள்.

வயதானவர்கள் உள்ள வீடுகளுக்கு இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், நம்மில் சலரோகம் இல்லாத வீடே குறைவு. இன்சுலினை வெளியே ஸ்னோவில் வைத்துக் குளிர்மையாக வைத்திருக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். உறைந்த இன்சுலின் வேலை செய்யாது, உருகினாலும் எறியத்தான் வேண்டும். பாவனையில் உள்ள பேனா சாதாரண அறை வெப்பத்தில் சுமார் நாலு வாரம் நிற்கும் (உங்கள் வகைக்கு எத்தனை நாள் என்று பெட்டியில் இருக்கும்), ஆகவே வீடு மிகவும் குளிர்ந்தால் உள்சட்டைப் பைக்குள் வையுங்கள். சர்க்கரை பார்க்கும் மீட்டரும் கடுங்குளிரில் வேலை செய்யாது, அதையும் உடம்போடு வைத்திருங்கள். டயாலிசிஸ் போகிறவர்கள் எச்சரிக்கை வந்த அன்றைக்கே நிலையத்துக்கு அழைத்து, முன்கூட்டி ஒரு தடவை செய்யலாமா, தவறினால் எதைச் சாப்பிடக் கூடாது, எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று கேட்டு எழுதி வையுங்கள். ஆக்சிஜன் மெஷின் உள்ளவர்களுக்கு மாற்றுச் சிலிண்டர் வீட்டில் இருக்க வேண்டும்.

அப்பா அம்மா நடுங்கிக்கொண்டிருந்தவர்கள் நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, தூக்கம் தூக்கமாக இருந்தால் அது சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை, உடம்புச் சூடு ஆபத்தாக இறங்கிவிட்டது என்று அர்த்தம். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

கனகாம்பரம்

தங்கச்சி கேட்ட அந்தக் கேன் அடுப்பு பற்றி ஒரு விஷயம். அதில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன். பூச்சியம் டிகிரிக்குக் கொஞ்சம் கீழே போனாலே அது ஆவியாகாது, அடுப்பு எரியாது. வெளியே கொண்டுபோய்ச் சமைக்கலாம் என்று நம்பி இருக்காதீர்கள். புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும், அதனால் பார்பிக்யூ சிலிண்டர்தான் வெளியே உதவும், வெளியே மட்டும்.

சமையலைப் புயலுக்கு முன்பே முடித்துவிடுவதுதான் என் வழி. நல்ல பிளாஸ்க் எத்தனை இருக்கிறதோ அத்தனையிலும் வெந்நீர், ஒன்றில் கஞ்சி. வெந்நீர் இருந்தால் அவல் நனையும், சத்துமா கரையும், குழந்தைக்குப் பால்மா கலக்கலாம். சீனிச் சம்பலும் பாணும் இரண்டு நாள் ஓட்டும். தண்ணீருக்கு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க இரண்டு லீட்டர், சமையலுக்கும் கைகழுவவும் இன்னொரு இரண்டு லீட்டர் என்று கனடா அரசின் கணக்கு.

பிறகு, நம் வீடுகளில் பேஸ்மென்டில் ஒரு பெரிய ஃப்ரீசர் நிறைய மீனும் ஆட்டிறைச்சியும் இருக்கும். நிறைந்த ஃப்ரீசர் திறக்காமல் இருந்தால் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம், ஃப்ரிட்ஜ் நாலு மணி நேரம்தான். அதனால் இடைவெளிகளில் தண்ணீர்ப் போத்தல்களை வைத்து உறையவிடுங்கள், நிறையவும் செய்யும், உருகினால் குடிக்கவும் ஆகும். ஒரு குவளையில் தண்ணீர் உறைந்ததும் மேலே ஒரு காசை வைத்துவிடுங்கள். கரண்ட் வந்த பிறகு பார்க்கும்போது காசு அடியில் கிடந்தால் நடுவில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது, அந்த மீனைச் சமைக்கக் கூடாது. எவ்வளவு காசு கொடுத்து வாங்கின விளைமீனாக இருந்தாலும் எறியுங்கள்.

மாடி17

எல்லோரும் தனி வீட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்களைப் போல அடுக்குமாடியில் இருக்கும் தமிழர் எத்தனை ஆயிரம். எங்களுக்கு வேறு கணக்கு. தண்ணீரை மேல் மாடிகளுக்கு ஏற்றுவது பம்ப். கரண்ட் போனால் கீழ் சில மாடிகளுக்குத் தவிர மற்றவர்களுக்கு ஒரு சொட்டும் வராது. அதனால் எச்சரிக்கை வந்த இரவே குளியல் தொட்டியை நிரப்புங்கள், குடிக்க இல்லை, டாய்லெட்டில் வாளியால் ஊற்ற. கட்டடத்து ஜெனரேட்டர் பொதுவாகத் தீ அலாரத்துக்கும் படிக்கட்டு விளக்குக்கும் ஒரு லிஃப்டுக்கும்தான், அதுவும் டீசல் உள்ள மட்டும். மற்றபடி நமக்கு ஒரு நன்மை, சுற்றிலும் வீடுகள் இருப்பதால் சூடு மெதுவாகத்தான் இறங்கும். பால்கனிக் கதவைத் திறக்காமல் இருந்தாலே போதும்.

படியில் இறங்க முடியாத அம்மம்மாக்கள் எந்த மாடியில் தனியாக இருக்கிறார்கள் என்று இப்போதே தெரிந்து வையுங்கள். மாடிக்கு ஒருவர் பொறுப்பு எடுத்தால் போதும், காலையும் மாலையும் கதவைத் தட்டுவது பெரிய வேலை இல்லை. ஃபோன் எல்லாம் செத்த பிறகு கதவைத் தட்டுவது ஒன்றுதான் வழி.

சிவாமார்க்கம்

ஜெனரேட்டர் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். விலை பரவாயில்லை போல இருக்கிறது.

ஸ்காபரோவாசி

தம்பி, உங்கள் வீடு டவுன்ஹவுஸ் என்றால் வேண்டாம் என்பேன். வீட்டிலிருந்து குறைந்தது ஆறு மீட்டர் தள்ளி, புகை ஜன்னல் பக்கம் வராமல் வைக்க வேண்டும். வரிசை வீட்டில் உங்கள் ஜன்னலிலிருந்து ஆறு மீட்டர் தள்ளினால் பக்கத்து வீட்டுக்காரரின் ஜன்னலுக்குக் கீழே போய் நிற்கும். அப்புறம் சிலர் இரண்டு பக்கமும் பிளக் உள்ள வயரைச் செய்து சுவர்ப் பிளக்கில் செருகி வீட்டுக்கே கரண்ட் கொடுக்கிறார்கள். அந்தக் கரண்ட் வெளிக் கம்பிக்கு ஏறி, இருட்டில் ஐஸுக்குள் நின்று நமக்காகக் கம்பி கட்டுகிற தொழிலாளியைக் கொல்லும். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள், செய்கிறவரைத் தெரிந்தால் நிறுத்துங்கள்.

பெரிய பேட்டரிப் பெட்டிகள் இப்போது கிடைக்கின்றன, உள்ளே வைக்கலாம், புகை இல்லை. ஆனால் ஃபர்னஸ் நேரடியாக வயர் செய்யப்பட்டது, பிளக் கிடையாது, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வந்து வெளிக் கரண்டிலிருந்து பெட்டிக்கு மாற்றும் சுவிட்ச் போட்டால்தான் இணைக்கலாம். ஃபர்னஸ் விசிறி சுமார் 400 முதல் 600 வாட் இழுக்கும், அப்படியானால் ஒரு கிலோவாட்-மணி (1 kWh) அளவு கரண்ட் பிடிக்கும் பேட்டரிப் பெட்டி தொடர்ந்து ஓடினால் இரண்டு மணி நேரம்தான். இதைப் பெரிய தீர்வாக நம்பாதீர்கள்.

மொன்றியல்பழசு

72 மணி நேரத்துக்குத் தயாராக இருங்கள் என்று அரசு சொல்வது சரிதான், ஆனால் அதுவே முடிவு என்று நினைக்காதீர்கள். 1998 ஜனவரியில் நாங்கள் மொன்றியலில் இருந்தோம். ஐந்தாறு நாள் விட்டுவிட்டு உறைமழை, சில இடங்களில் 100 மி.மீ. அளவுக்கு. முறிந்தது மரம் மட்டும் இல்லை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்புக் கோபுரங்கள் மடங்கிப்போயின. ஆற்றுக்குத் தெற்கே சென் இயசான்த், கிறான்பி பக்கம் சில வீடுகளுக்கு ஒரு மாதம் கரண்ட் இல்லை. நகரத்தின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையங்களும் கரண்ட் இழந்தன, ராணுவம் வந்தது. கியூபெக்கில் நிறைய வீடுகளுக்குச் சூடே மின்சாரத்தில்தான், யோசித்துப் பாருங்கள்.

அதனால் வீட்டைத் தயார் செய்வதோடு, வீட்டை விட்டு எப்போது போவது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். வீட்டுக்குள் எத்தனை டிகிரி ஆனால் போவோம், யார் வீட்டுக்குப் போவோம், அவர்கள் வீட்டிலும் இல்லை என்றால் நகரம் திறக்கும் சூடான நிலையம் எங்கே. நம்மவர்களுக்கு முகாம் என்ற சொல்லே வலி, அதனால் போக மறுப்பார்கள், முக்கியமாகப் பெரியவர்கள். இது வேறு, விரும்பினபோது வெளியே வரலாம், சூடான சாப்பாடும் கட்டிலும் நர்ஸும் இருப்பார்கள் என்று அமைதியான நேரத்தில் எடுத்துச் சொல்லி வையுங்கள். இருட்டில் வாக்குவாதம் செய்து யாரையும் கிளப்ப முடியாது.

காசு கையில் வையுங்கள், கரண்ட் இல்லை என்றால் கார்ட் மெஷினும் ஏடிஎம்மும் பெட்ரோல் பம்பும் இல்லை. கார் டாங்கை நிரப்பி வையுங்கள்.

பஃபலோசாரதி

கார் பற்றி நான் சொல்கிறேன், லாரி ஓட்டுகிறவன். 2022 கிறிஸ்துமஸ் நேரத்துப் புயலில் பஃபலோ நகரம் இருக்கும் எங்கள் ஈரி கவுண்டியில் மட்டும் 47 பேர் இறந்தார்கள். சிலர் காருக்குள், சிலர் காரை விட்டு இறங்கி நடந்து, சிலர் உதவி வரமுடியாமல் வீட்டுக்குள். தீயணைப்பு வண்டிகளே ஸ்னோவில் புதைந்து நின்றன, 911 எடுத்தாலும் வர ஆள் இல்லை. ஓட்டத் தடை போட்டால் அதை மதியுங்கள், வேலைக்கு வரச் சொல்லும் மேலாளர் உங்களை வந்து தோண்டி எடுக்க மாட்டார்.

மாட்டிக்கொண்டால் காரை விட்டு நடக்காதீர்கள், காற்றில் ஸ்னோ பறந்து எங்கும் வெள்ளையாக இருக்கும்போது பத்து அடிக்குள் திசை தப்பும். முதலில் சைலன்சர் வாயைச் சுற்றி ஸ்னோவைத் தோண்டுங்கள், பிறகு மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை ஓடவிடுங்கள், காற்று அடிக்காத பக்கத்து ஜன்னலை ஒரு விரல் அகலம் இறக்கி வையுங்கள். ஒவ்வொரு தடவை எஞ்சின் போடும் முன்பும் மறுபடி தோண்ட வேண்டும். சின்ன சவள், கம்பளி, தண்ணீர், பிஸ்கட், ஃபோன் சார்ஜர் எப்போதும் காரின் உள்ளே இருக்கட்டும், டிக்கி உறைந்தால் திறக்காது.

புதுசாவந்தவள்

எல்லோருக்கும் நன்றி. அலாரத்தைக் கழற்றிப் பார்த்தேன், தேதி முடிந்திருந்தது. வீட்டுக்காரர் புதியது வாங்கி மாட்டிவிட்டார், பார்பிக்யூவும் பின்வளவுக்குப் போய்விட்டது. மெயின் வால்வு எங்கள் அறைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறதாம். கரண்ட் போனால் நாங்கள் எல்லோரும் மேல் மாடியில் தெற்கு ஜன்னல் உள்ள சின்ன அறையில் ஒன்றாகப் படுப்பது என்றும் பேசிவிட்டோம். இரண்டு கேள்வி மிச்சம். அந்த அறையை வேறு எப்படிச் சூடாக வைப்பது? படியில் போட ஒரு மூட்டை உப்பு வாங்கினேன், மைனஸ் 20 என்றாலும் வேலை செய்யுமா?

கனகாம்பரம்

அறைக் கதவிடுக்கில் துவாயைச் சுருட்டி வையுங்கள், ஜன்னலுக்குப் பகலில் வெயில் விடுங்கள், இருட்டினதும் போர்வையால் மூடுங்கள். மெத்தையைத் தரையில் போடும்போது அடியில் அட்டைப் பெட்டியை விரித்துப் போடுங்கள், சூடு கீழ்வழியாகத்தான் அதிகம் போகும். மெழுகுதிரி வேண்டாம், டார்ச் போதும், இத்தனை போர்வைக்கு நடுவில் தீப்பிடித்தால் ஓட இடம் இருக்காது. கரண்ட் வந்ததும் மின்ஹீட்டர் போட்டால் நேரே சுவர்ப் பிளக்கில், எக்ஸ்டென்ஷன் வயரில் வேண்டாம்.

பஃபலோசாரதி

சாதாரணக் கல்லுப்பு மைனஸ் பத்தைத் தாண்டினால் அநேகமாகப் பயன் இல்லை தங்கச்சி. பையில் கால்சியம் குளோரைடு என்று எழுதியிருப்பதை வாங்குங்கள், அது மைனஸ் 20லும் இளக்கும். கிடைக்கவில்லை என்றால் மணல் போடுங்கள், உருக்காது, ஆனால் கால் வழுக்காது. ஸ்னோ விழுந்து இறுகுவதற்கு முன் கொஞ்சம் கொஞ்சமாக வழித்துவிட்டால் உப்பே அதிகம் தேவைப்படாது. அந்த வேலையை வீட்டில் இளைஞர் யாராவது செய்யட்டும், ஐம்பது தாண்டினவர்களும் நெஞ்சு வருத்தம் உள்ளவர்களும் சவளைத் தொட வேண்டாம். கனமான ஈரஸ்னோவைத் தூக்கி மாரடைப்பு வந்து விழுகிறவர்களை இங்கே ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம்.